தட்டில் எத்தனை பங்கு?

(பழைய மாணவர் சங்கக் கூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 1981 முதல் 1984 வரை இந்தக் கல்லூரியில் வேதியியல் படித்தவள். அதன்பின் ஊட்டச்சத்துத் துறையில் மேற்படிப்பு முடித்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருத்துவமனைகளில் உணவு ஆலோசகராக வேலை பார்த்தேன். "உன் துறையைப் பற்றியே பேசு, ஆனா பயமுறுத்தாதே" என்று செயலாளர் சொல்லித்தான் அழைத்தார். பந்திக்கு முன்னால் பேசுகிறவருக்கு எவ்வளவு நேரம் தரலாம் என்பது எனக்கும் தெரியும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று நான் பேச வந்திருப்பது புரதம் பற்றி. வேதியியல் மாணவர்களுக்கு இது புதிதல்ல. நம் ஆய்வகத்தில் பையூரெட் சோதனை செய்தது நினைவிருக்கும். முட்டை வெள்ளைக்கருவைக் கரைத்து, காரம் சேர்த்து, மயில்துத்தக் கரைசலை ஓரிரு சொட்டு விட்டால் ஊதா நிறம் வரும். புரதம் இருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவோம். அந்த மூன்று வருஷத்தில் நான் முட்டையை அதிகம் பார்த்தது சோதனைக் குழாயில்தான். விடுதித் தட்டில் பார்த்தது குறைவு! இன்றைக்கு அந்தக் கேள்வியைத் தட்டுக்குக் கொண்டுவருவோம். நம் தட்டில் புரதம் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு?

முதலில், எவ்வளவு தேவை? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 50 கிராம். பெரும்பாலும் தானியத்தையே நம்பிச் சாப்பிடுகிறவர்கள் கிலோவுக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொள்வது நல்லது. அப்படியானால் 60 கிராம். வயதானவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்பது இப்போது முதுமை மருத்துவ வல்லுநர் குழுக்களின் கருத்து.

கிராம் கணக்கு யாருக்கும் மனதில் நிற்காது. நான் நோயாளிகளிடம் கிராம் சொல்வதை நிறுத்திப் பல வருஷம் ஆயிற்று. "பங்கு" என்றுதான் சொல்லுவேன். ஒரு பங்கு என்றால் 6 கிராம் புரதம். ஏன் ஆறு? நம் வீட்டுச் சாமான்கள் எல்லாம் இந்த ஆறுக்குள் அழகாக அடங்கிவிடுகின்றன. கேளுங்கள்.

ஒரு முட்டை, ஒரு பங்கு. ஒரு டம்ளர் பால் அல்லது தயிர், அதாவது 200 மில்லி, ஒரு பங்கு. துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, உளுந்து, கொள்ளு, தட்டைப்பயறு எதுவானாலும் வேகவைக்கும் முன் 25 முதல் 30 கிராம், அதாவது ஒரு சின்னக் கைப்பிடி, ஒரு பங்கு. கொண்டைக்கடலை என்றால் கைப்பிடி கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும். நிலக்கடலை 25 கிராம் ஒரு பங்கு. பொட்டுக்கடலையும் ஏறக்குறைய அப்படித்தான். மீன், கோழி, ஆட்டுக்கறி என்றால் முள்ளும் எலும்பும் நீக்கி 30 கிராம், அதாவது இரண்டு மூன்று சிறு துண்டு, ஒரு பங்கு. பனீரும் அதே அளவு. மீல் மேக்கர் என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்தச் சோயா உருண்டை காய்ந்த நிலையில் 12 கிராம் போதும், ஒரு பங்கு.

எத்தனை பங்கு தேவை என்பதற்கும் சுலபமான வழி உண்டு. உங்கள் உயரத்துக்கு இருக்க வேண்டிய எடையை ஏழால் வகுங்கள், அது குறைந்தபட்சம். தானியமே அதிகம் சாப்பிடுகிறவர்களும் அறுபது வயது தாண்டியவர்களும் ஆறால் வகுங்கள். அறுபது கிலோ என்றால் ஒன்பதிலிருந்து பத்துப் பங்கு. ஐம்பது கிலோ என்றால் ஏழிலிருந்து எட்டரைப் பங்கு. அவ்வளவுதான்.

இப்போது ஒரு சராசரி நாளைக் கூட்டிப் பார்ப்போம். காலையில் நாலு இட்லி. அரிசியும் உளுந்தும் சேர்த்து சுமார் 8 கிராம். மதியம் நல்ல சாப்பாடு: 150 கிராம் அரிசி வடித்த சாதத்தில் 12 கிராம், சாம்பாரில் 3, பொரியலில் 2, அரை டம்ளர் தயிரில் 3, ஆக 20. இரண்டு வேளை காபியும் இரண்டு பிஸ்கட்டும் 6 அல்லது 7. ராத்திரி இரண்டு தோசை, சட்னி, 7. மொத்தம் சுமார் 42 கிராம். ஏழு பங்கு.

அறுபது கிலோ எடையுள்ளவருக்கு இரண்டு மூன்று பங்கு குறைகிறது. பட்டினி இல்லை, வயிறு நிறைந்துதான் இருக்கிறது. அதனால்தான் இந்தக் குறைவு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. இது நன்றாகச் சாப்பிட்ட ஒரு நாள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். காலையில் அவசரத்துக்கு ரெண்டு பிரெட், மதியம் டப்பாவில் எலுமிச்சைச் சாதமும் அப்பளமும், ராத்திரி ரவா உப்புமா என்றால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

"நாங்கதான் தினமும் சாம்பார் சாப்பிடறோமே மேடம், அதுல பருப்பு இல்லையா?" என்று கேட்பார்கள். இருக்கிறது. எவ்வளவு என்பதுதான் கேள்வி. நாலு பேர் வீட்டில் எழுபத்தைந்து கிராம் பருப்பு போட்டு மதியத்துக்கும் ராத்திரிக்குமாகச் சாம்பார் வைத்தால், ஒரு வேளைக்கு ஒருவருக்கு வருவது பத்துக் கிராம் பருப்புக்கும் குறைவு. அதில் புரதம் இரண்டு கிராம். மூன்றில் ஒரு பங்கு. சாம்பாரின் மணத்துக்கும் அதில் இருக்கிற பருப்புக்கும் சம்பந்தம் கிடையாது!

இதில் அரிசியைக் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது. புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்களைக் கோத்துக் கட்டுவது. அவற்றில் ஒன்பதை நம் உடம்பால் செய்துகொள்ள முடியாது; சாப்பாட்டில்தான் வர வேண்டும். பழைய அச்சகங்களில் ஈய எழுத்து கோத்தவர்களுக்கு இது உடனே புரியும். பெட்டியில் மற்ற எழுத்தெல்லாம் நிறைய இருக்கும்; 'ழ' மட்டும் தீர்ந்துபோயிருக்கும். 'தமிழ்' என்ற சொல்லே நின்றுவிடும். அரிசியில் குறைவாக இருக்கிற எழுத்து லைசின். பருப்பில் அது நிறைய. பருப்பில் குறைவான எழுத்து மெத்தியோனின். அரிசியில் அது போதுமான அளவு உண்டு. இரண்டும் சேர்ந்தால் சொல் முழுமையாகிறது. பொங்கலில் அரிசியும் பாசிப்பருப்பும், இட்லியில் அரிசியும் உளுந்தும், அடையில் அரிசியோடு மூன்று நாலு பருப்பு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் லைசின் என்ற பெயரைக் கேள்விப்படாமலே சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரே கவளத்தில் இரண்டும் இருந்தாக வேண்டும் என்றும் இல்லை. அன்றைய நாளுக்குள் இரண்டும் வந்து சேர்ந்தால் போதும்.

ஆகவே நம் சாப்பாட்டின் சேர்மானம் சரியானது. அளவில்தான் கோளாறு.

இதை ஏறத்தாழ நூறு வருஷத்துக்கு முன்பே நம் குன்னூரில் கண்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் குன்னூர் பாஸ்டியர் நிறுவனத்தில் சிறிய அளவில் தொடங்கிய ஆராய்ச்சிதான் பின்னால் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது. மெக்காரிசன் 1920களில் எலிக் கூட்டங்களுக்கு இந்தியாவின் பல பகுதி மக்களுடைய உணவைக் கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமை, பால், பருப்பு, காய்கறி என்று அமைந்த சீக்கியர் உணவு உண்ட எலிகள் நன்றாக வளர்ந்தன. பட்டியலில் கடைசியாக வந்தது நம் சென்னை மாகாணத்து உணவு! அரிசி மலைபோலவும் மற்றதெல்லாம் மடுபோலவும் இருந்த தட்டு அது. நமக்குக் கொஞ்சம் ரோஷம் வர வேண்டிய செய்திதான்.

அந்த நிறுவனத்தின் பெரிய பெயர்களில் ஒருவர் சேலத்தில் 1918இல் பிறந்த டாக்டர் சி. கோபாலன். உலகமே புரதப் பஞ்சம் வரப்போகிறது என்று பேசிய காலத்தில், ஏழைக் குழந்தைக்கு முதற்குறை வயிறு நிறையாததுதான் என்று அவரும் அவருடைய சகாக்களும் எடுத்துக் காட்டினார்கள். வயிற்றுக்குப் போதிய சாப்பாடு இல்லையென்றால், உடம்பு புரதத்தையே விறகாக எரித்துவிடும். சாதத்தை ஒரேயடியாக நிறுத்திவிட்டு முட்டை மட்டும் சாப்பிடுகிற தம்பிமார்கள் இதைக் கவனிக்க வேண்டும். அடுப்புக்கு விறகும் வேண்டும், சுவருக்குச் செங்கல்லும் வேண்டும். விறகு இல்லாத வீட்டில் சன்னலைப் பெயர்த்து எரிக்கத்தான் செய்வார்கள்.

நம் மாநிலம் இதைக் கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு, 1956இல் காமராசர் ஆட்சியில் மாநிலம் தழுவிய திட்டம், 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம். 1989இல் கலைஞர் ஆட்சியில் அந்தத் தட்டில் முட்டை வந்தது. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று, 2010 முதல் வாரத்துக்கு ஐந்து. 2007 முதல் ரேஷன் கடையில் துவரம்பருப்பு. 2022இல் பள்ளியில் காலை உணவு. முதலில் வயிறு, பிறகு முட்டை, பருப்பு என்று படிப்படியாக வந்த வரலாறு இது. அரசாங்கம் பள்ளிக்கூடத் தட்டுக்குச் செய்ததை நம் வீட்டுத் தட்டுக்கு நாம் செய்திருக்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

வீட்டுத் தட்டு என்றால் யாருடைய தட்டு? இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இருக்கிறது.

என் அம்மாவின் கதையைச் சொல்கிறேன். அப்போது அவருக்கு வயது எழுபத்து நாலு, எடை நாற்பத்தெட்டு கிலோ. சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை. ஆனால் நாற்காலியை விட்டு எழ இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருந்தது. குளியலறைப் படியில் ஒருமுறை சறுக்கி, நல்ல வேளையாகக் கதவைப் பிடித்துக்கொண்டார். "வயசாச்சுடீ, இனிமே இப்படித்தான்" என்றார். நான் ஒரு நோட்டில் ஒரு வாரம் அவர் சாப்பிடுவதை எழுதினேன். காலை இரண்டு இட்லி, காபி. மதியம் எல்லோரும் சாப்பிட்ட பிறகு கொஞ்சம் ரசம் சாதம், கொஞ்சம் தயிர் சாதம். ராத்திரி ரெண்டு இட்லியோ ஒரு கரண்டி உப்புமாவோ. சாம்பார் அடியில் இருக்கும் பருப்பெல்லாம் பேரப்பிள்ளைகள் தட்டுக்குப் போயிருக்கும். அம்மாவுக்கு மிஞ்சுவது மேல் தண்ணீர். சுண்டல் செய்தால், "எனக்குப் பல்லு இல்லையே, நீங்க சாப்பிடுங்க" என்பார். கூட்டிப் பார்த்தால் தினமும் நாலரைப் பங்கு. அவருக்கு வேண்டியது எட்டு.

யாரும் அம்மாவுக்குச் சாப்பாடு மறுக்கவில்லை. வீட்டில் அன்புக்கும் குறைவில்லை. ஆனால் பரிமாறுகிற கை தன் தட்டுக்கு வரும்போது பாத்திரத்தில் என்ன மிச்சம் இருக்கிறதோ அதுதான் அந்தக் கைக்குக் கிடைக்கிறது. சாதம் எப்போதும் மிஞ்சும். பருப்பு மிஞ்சுவதில்லை.

நாங்கள் பெரிதாக எதுவும் செய்யவில்லை. இட்லிக்குத் தேங்காய்ச் சட்னிக்குப் பதில் நிலக்கடலைச் சட்னி கெட்டியாக, அரைப் பங்கு. மதியம் சாம்பாருக்குப் போடும் முன்பே வெந்த பருப்பில் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து மசித்து நெய் விட்டு வைத்தோம், ஒரு பங்கு. நாலு மணிக்குப் பாசிப்பயறைக் குழைய வேகவைத்து மசித்து, மிளகும் உப்பும் போட்டு, ஒரு பங்கு. பல் தேவையில்லை. ராத்திரி ஒரு டம்ளர் பால், ஒரு பங்கு. நாலரையோடு மூன்றரை, எட்டு. கூடவே மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, சுவரோரம் நாற்காலியைப் போட்டு, தினமும் காலையும் மாலையும் பத்து முறை எழுந்து உட்காரும் பயிற்சி. செங்கல்லை மட்டும் இறக்கி வைத்தால் சுவர் எழும்பாது, கொத்தனாரும் வேண்டும். தசைக்குக் கொத்தனார் உழைப்புதான்.

மூன்று மாதத்தில் அம்மா ஒரு கையை மட்டும் ஊன்றி எழுந்தார். ஆறு மாதத்தில் கையை ஊன்றாமலே எழுந்தார். அதிசயம் ஒன்றும் இல்லை. வயதாகும்போது தசை கரைவது இயற்கைதான். அந்தக் கரைதலை வேகப்படுத்துவது சாப்பாட்டில் புரதம் குறைவதும் உட்கார்ந்தே இருப்பதும். இடுப்பெலும்பு முறிந்து வந்த எத்தனையோ பெரியவர்களை மருத்துவமனையில் பார்த்திருக்கிறேன். எலும்பைப் பற்றி எல்லோரும் விசாரிப்பார்கள். விழாமல் தாங்க வேண்டிய தசையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்களே, ஊருக்குப் போனதும் முதலில் நாற்காலியை விட்டுக் கையை ஊன்றாமல் எழுந்து பாருங்கள். உங்களுக்கும் ஒரு பரீட்சை வைத்த மாதிரி இருக்கட்டும்!

இனி தம்பி தங்கைகளுக்கு. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவர்கள் டப்பாவில் வரும் புரதப் பொடியைப் பற்றி என்னிடம் கேட்காமல் விடமாட்டார்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், உடம்பை ஏற்றுவதற்காகப் புரதப் பொடிகளைச் சாப்பிட வேண்டாம் என்றே சொல்கிறது. அந்தப் பொடியில் ஒரு பெரிய கரண்டி தருவது சுமார் 24 கிராம், நம் கணக்கில் நாலு பங்கு. இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி நிலக்கடலை. அதுவும் நாலு பங்குதான். ஒரு டப்பாவின் விலையைக் கேட்டுவிட்டு, அந்தப் பணத்துக்கு எத்தனை முட்டை, எத்தனை கிலோ கடலை வரும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போடுங்கள். வணிகவியல் மாணவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பாலில் கலக்கும் சத்து பானங்களும் அப்படித்தான். அதில் புரதத்தைக் கொடுப்பது பெரும்பாலும் பால். பொடி கொடுப்பது பெரும்பாலும் மாவும் சர்க்கரையும்.

முட்டையைப் பச்சையாகக் குடிக்காதீர்கள். வெந்த முட்டையின் புரதம் ஜீரணமாகிற அளவு பச்சை முட்டையில் ஆவதில்லை. கிருமி பயமும் உண்டு.

"பயறு சாப்பிட்டா வாயு மேடம்" என்பது அடுத்த புகார். நியாயமான புகார்தான். இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரை மாற்றி, குக்கரில் நன்றாகக் குழைய வேகவைத்தால் பெரும்பகுதி தீரும். முளைகட்டினால் இன்னும் நல்லது. பாசிப்பயறில் ஆரம்பித்து, அரைக் கைப்பிடியில் தொடங்கி, மெல்லக் கூட்டுங்கள். இஞ்சி, பெருங்காயம், பூண்டு எதற்கு இருக்கின்றன?

"பருப்பு விற்கிற விலைக்கு..." என்பது மூன்றாவது புகார். துவரை விலை ஏறும்போது கொள்ளு இருக்கிறது. நெல்லைப் பக்கம் காணம் என்பார்கள். தட்டைப்பயறு, காய்ந்த மொச்சை, நிலக்கடலை இருக்கின்றன. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மத்தியும் நெத்திலியும் இருக்கின்றன. வஞ்சிரத்தில் இருக்கும் புரதத்துக்கு மத்தியில் இருக்கும் புரதம் எந்த விதத்திலும் இளைத்ததில்லை. நவராத்திரிக்கு ஒன்பது நாள் விதவிதமாகச் சுண்டல் செய்கிறோம். மீதி 356 நாள் அந்தக் கொண்டைக்கடலை என்ன பாவம் செய்தது?

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. உங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எத்தனை பங்கு என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நல்ல சிறுநீரகம் உள்ளவர்கள் ஒன்பது பத்துப் பங்குக்குப் பயப்பட வேண்டியதில்லை.

வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டியது இரண்டே வேலை. முதல் வேலை, மளிகைச் சிட்டையை எடுங்கள். நாலு பேர் வீட்டில் மாதம் துவரை ஒரு கிலோ, உளுந்து ஒரு கிலோ, பாசிப்பருப்பு, கடலைப்பருப்பு, கொண்டைக்கடலை தலா அரைக் கிலோ வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றரைக் கிலோ. தலைக்கு ஒரு நாளைக்கு 29 கிராம், ஒரே பங்கு. நான் சொன்ன 2024 வழிகாட்டுதலில் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பருப்பு வகை 85 கிராம், மூன்று பங்கு. அசைவம் சாப்பிடுகிறவர்கள் அதில் ஒரு பகுதியை முட்டை, மீன், கறியாக மாற்றிக்கொள்ளலாம். சுத்த சைவ வீடென்றால் நாலு பேருக்கு மாதம் பத்துக் கிலோ. மூன்றரை எங்கே, பத்து எங்கே? உடனே பத்துக்குப் போக வேண்டாம். அடுத்த மாதச் சிட்டையில் அரிசியில் நாலு கிலோவைக் குறைத்து, பயறிலும் கடலையிலும் மூன்று கிலோவைக் கூட்டுங்கள்.

இரண்டாவது வேலை, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு காகிதத்தில் வீட்டில் உள்ள எல்லோர் பெயரையும் எழுதுங்கள். வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறாரோ அவர் பெயரை முதலில் எழுதுங்கள். பெரும்பாலும் அது உங்கள் அம்மாவாகவோ மனைவியாகவோ பாட்டியாகவோ இருக்கும். அன்று முழுக்க அவர் தட்டில் எத்தனை பங்கு விழுந்தது என்று எண்ணுங்கள். அவர் "போதும் போதும்" என்றுதான் சொல்லுவார். அதை நம்பாதீர்கள், காகிதத்தை நம்புங்கள்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கட்டடம் கட்டித் தந்தோம், குடிநீர் இயந்திரம் வைத்துத் தந்தோம், கல்வி உதவித்தொகை தருகிறோம். எல்லாம் நல்ல காரியம். நேற்று மாலை விடுதியில் தங்கைமார்களோடு பேசிக்கொண்டிருந்தேன். மாலை நாலரைக்குத் தேநீர், இரண்டு பிஸ்கட். ராத்திரி எட்டுக்குத்தான் சாப்பாடு என்றார்கள். அந்த நாலரை மணிக்கு வாரத்தில் மூன்று நாள் சுண்டல், இரண்டு நாள் அவித்த முட்டை அல்லது வேர்க்கடலை என்று நம் சங்கம் பொறுப்பேற்றுக்கொள்ளலாமே? இருநூறு பிள்ளைகளுக்குத் தலைக்கு முப்பது கிராம் கொண்டைக்கடலை என்றால் ஒரு நாளைக்கு ஆறு கிலோதான். எங்கள் அணியினர் நேற்று ராத்திரியே கூடிப் பேசினோம். முதல் ஆண்டுச் சுண்டல் செலவில் பாதியை 1984ஆம் ஆண்டு அணி ஏற்றுக்கொள்கிறது. மீதிப் பாதியை ஏற்க எந்த அணி கை தூக்கப்போகிறது என்பதைச் செயலாளர் குறித்துக்கொள்வார்.